ஏழு ஓட்டு

தக்கலையில் அந்தப் பள்ளிக்கூடத்தில்
விடியக்காலம் மூணு மணிக்கு
ஐம்பது ஐம்பதாகக் கட்டிக்கொண்டிருந்தோம்.
ஒரு சீட்டில் ரப்பர்ஷீட் புகை மணம்.
ஒன்றில் செதில்,
சாளையாக இருக்கும்.
யார் போட்டது என்று சீட்டு சொல்லாது,
சொல்லவும் கூடாது.

எங்கள் மேசைக்கு வந்தது கடலோரத்து வார்டு ஒன்று.
பூட்டு சாவிக்கு நூற்றுத் தொண்ணூறு.
சீப்புக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு.
மறுபடி எண்ணச் சொன்னார்கள்.
எண்ணினோம். அதே ஏழு.

ரம்சான் பீவியின் தெருவில்
மொத்த ஓட்டே முப்பத்தொன்றுதான் என்று
எல்லா ஏஜெண்டுகளும்
ஆளுக்கொரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.
நான் கணக்கு டீச்சர்.
கழித்துப் பார்த்தேன்.
குறைந்தது நூற்று அறுபத்தாறு பேர்
அவள் தெருவில் இல்லாதவர்கள்.
குருசடிப் பக்கம், இசக்கியம்மன் கோவில் பக்கம்,
அவள் படியேறாத வீடுகள்கூட இருக்கலாம்.

ஒரு சீட்டில் நாலு சின்னத்திலும் முத்திரை.
செல்லாது என்று எழுதி ஓரமாக வைத்தேன்.
கை கொஞ்சம் தயங்கியது.

தோற்றவரின் ஏஜெண்டு செல்லையன்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே நின்றார்.
"கொள்ளாம்" என்றார் கடைசியில்.
"இனி அந்த ஓடையத் தோண்டுவாளான்னு பாப்போம்."
ராத்திரி முழுக்க அவர்கள் பேசியது தெருக்களை.
ஓடையைப் பேசியது அப்போதுதான்.

முதல் பஸ்ஸில் எனக்கு நகர்ந்து இடம் தந்த பையன்
ஒடியாவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்,
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வலை இழுக்கிறவன்.
அவனுக்கு இங்கே ஓட்டு இல்லை.
இன்னும்.
போனை வைத்துவிட்டு
என் விரல் மையைப் பார்த்து
"எக்கா, யாரு ஜெயிச்சது?" என்றான்.
"சீப்பு" என்றேன்.
உப்புக்காற்றில் கலைந்த தலையை
விரலால் கோதிக்கொண்டு சிரித்தான்.