ஒருமை

பாரமட்டாவில் மூன்றாம் மாடி.
வக்கீல் மேசைமேல் ஸ்பீக்கரில் போட்ட போன்.
மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணக் குரல்,
பெயர் இல்லை, எண் மட்டும்.

கல்யாணம் நிஜம்தான் என்று
முதலில் காட்ட வேண்டுமாம்.
சிரிக்கிற போட்டோக்களைக் கொடுத்தேன்.
அடி நிஜம்தான் என்று
அடுத்துக் காட்ட வேண்டுமாம்.
அதற்கும் அதே போட்டோக்கள்தான்:
கடற்கரை, ஜனவரி வெயில்,
மணிக்கட்டுவரை ஸ்வெட்டர்.

கரண்ட் பில்லில் என் பெயர் கிடையாது.
குளியலறைக் கதவு மாற்றிய ரசீதில் உண்டு,
செண்பகவல்லி,
இரண்டு எழுத்துப் பிழையோடு.

"அடிச்சாரு" என்றேன்.
"பூட்டி வச்சாரு.
விசாவ ரத்து பண்ணச் சொல்லி
மெயில் போட்டுட்டுப் போயிட்டாரு."
வக்கீல் தட்டிக்கொண்டே வந்தாள்.
இங்கிலீஷில் அவர் வெறும் 'ஹி'.
மரியாதை வழியில் எங்கோ
விழுந்துவிட்டிருந்தது.

கையெழுத்துக்கு முன்
எல்லாவற்றையும் தமிழில்
திருப்பி வாசிக்க வேண்டும், அது விதி.
குரல் ஒரு நொடி நின்றது.
எச்சில் விழுங்கும் சத்தம்.
பிறகு,
"அவன் என்னை அடித்தான்.
அறையில் பூட்டினான்.
விட்டுவிட்டுப் போனான்."

"திருத்தம் ஏதும் இருக்கோ, பிள்ளை?"

இல்லை என்றேன்.
பேனா கேட்டேன்.