முனை

இரும்பு ஏணியின் மூன்றாம் படி
மழையில் வழுக்கியது.
தாராவியில் எல்லோருக்கும் ஓர் ஏணி உண்டு,
எனக்கு அதோடு
கணுக்காலில் இரண்டு முறிவு.

முழு மயக்கம் வேண்டாம் என்றார்கள்.
என் நெஞ்சு வால்வு தாங்காதாம்.
காலை மட்டும் தூங்கவைப்போம்
நீங்கள் விழித்திருங்கள், பேச்சித்தாய்.
டாக்டர் பித்ரேவின் வாயில் என் பெயர்
பாதி மராத்தியாகி நொண்டியது.

சயான் ஆஸ்பத்திரி. ஏசிக் குளிர்.
முழங்காலுக்குப் பின்னே ஜெல் தடவி
சோப்புக்கட்டி அளவில் ஒன்றை வைத்து அழுத்தினார்.
திரையில் ஆடி மாதத்துச் சுவர்போல் ஓதம்.
அதில் தேனடையாய் ஒரு வட்டம்,
அதுதான் நரம்பாம்.
கருவி கீழே நகர
முறுக்குப் பிரிந்த நூலாக அது இரண்டானது.

இருபத்தாறு வருஷம் ஓவர்லாக் மெஷினில் இருந்தவள் நான்.
ஊசி தெரியும் எனக்கு.
துணிக்கு அடியில் போன ஊசியைச்
சத்தத்தால் பார்ப்பேன்.
இங்கே சத்தம் இல்லை.
ஒரு வெள்ளைக் கோடு ஓரத்திலிருந்து வருகிறது
வருகிறது
பாதியில் மங்கிவிட்டது.

"நோக் நஹி திக்தா" என்றேன்.
எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
டாக்டர் மட்டும் திரும்பவில்லை.
கையை நிறுத்தி
காலர் மடிப்பதுபோல் கருவியைச் சற்றே சாய்த்தார்.
வந்தது முனை,
நரம்புக்கு ஒரு நெல் தள்ளி.
"ஹாங்" என்றார். அவ்வளவுதான்.
மருந்து கறுப்பாய்ப் பரவி
தேனடையைச் சுற்றி அகழியானது.
உள்தொடையில் இன்னொரு ஊசி.
அதற்கு நான் வாயே திறக்கவில்லை.

முதலில் சூடு. பிறகு மணல் மூட்டை.
பிறகு,
மடங்கித்தான் இருக்கிறது கால், சத்தியம் செய்வேன்,
பச்சைத் துணி மறைக்குமுன் தலை தூக்கினால்
யாரோ ஒருவர் அதை நீட்டிப் பிடிக்க
இன்னொருவர் அயோடின் பூசுகிறார்.
பார்க்கவே வெட்கமாக இருந்தது.
மெட்டி கழற்றிய விரலில்
வெளுத்த வளையம்.
அதை வைத்துத்தான் என்னுடையது என்று நம்பினேன்.

டிரில் ஓடியது.
எலும்பு அதிர்ந்தது இடுப்பில் கேட்டது.
வெளியே மழையா ரயிலா என்று டாக்டரிடம் கேட்டேன்.
இரண்டும்தான் என்றார்.

ராத்திரி இரண்டு மணிக்கு
பெடல் மிதிக்கும் கட்டைவிரல் முதலில் விழித்தது,
எறும்பாக.
அப்புறம் மற்றதெல்லாம்
என் விலாசம் விசாரித்து
ஒவ்வொரு படியாக ஏறி வந்தது.
நர்ஸ் மாத்திரையை நீட்டினாள்.
கொஞ்சம் பொறும்மா என்றேன்,
வந்தது முழுசாக வந்துவிட்டதா என்று
பார்த்துக்கொள்கிறேன்.