பன்னிரண்டு கோல் கரை

மன்னருக்குக் குடும்பப்பெயர் கிடையாது.
பதிவேட்டின் இரண்டாம் கட்டத்தில்
என் பேனா அப்படியே நின்றது.
ஒரு சொட்டு மை விழுந்து
ஈயளவு பரவியது.

"தொழில்?" என்றேன், வழக்கப்படி.
மைனார்ட் என்னைப் பார்க்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
அங்கே கடல்,
நிற்க வேண்டிய இடத்துக்கு இந்தப் பக்கமாக.

"நில உடைமையாளர் என்று எழுது" என்றார் விப்ரன்,
ஓஸ்டர்வார்டின் அணைத்தலைவர்,
மூக்கில் சளி, பூட்ஸில் காயாத சேறு.
"இந்தக் கூடத்துக்கு அது போதும்."

குற்றம் சின்னது.
வடகரையில் பன்னிரண்டு கோல் நீளம்
அரண்மனையின் பங்கு.
(கோல் என்று நான் சொல்வது
நிலம் அளக்கிற கோல்.)
முதல் உறைபனிக்குள் மண் அணைத்து,
வைக்கோல் வேய்ந்து, எலிவளை அடைக்க வேண்டும்.
மூன்று வருஷம் அந்தப் பக்கம் ஆள் போகவில்லை.
கூலிப் பணத்தில்
அன்னங்களுக்கு ஒரு குளம் வெட்டினார்கள்.
நவம்பர் பதினொன்று இரவு
மற்றவர் கரையெல்லாம் நின்றது.

நாற்பத்தொரு பேர்.
நான்தான் வாசித்தேன்.
எங்கள் ஊரில் பெயர்கள் குறைவு,
பாட்டன் பெயர் பேரனுக்கு, அத்தை பெயர் மருமகளுக்கு.
பாதியில் யாரோ, "அது வாசித்தாச்சு" என்றார்.
இல்லை.
இது வேறு யெல்ட்யே.

பிறகு அவர் எழுந்தார். நல்ல குரல்.
"உங்கள் சம்மன் யார் பெயரால் வந்தது?
என் பெயரால். முத்திரையும் என்னுடையது.
என்னை நானே அழைத்திருக்கிறேன்,
நானே அனுப்பிவிடுகிறேன்."
பின்வரிசையில் சிரிப்பு.
உண்மையைச் சொன்னால்
எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.
'அரசர் பெயரால்' என்ற தலைப்பை
எட்டு வருஷமாய்
என் கை பார்க்காமலே எழுதுகிறது.

விப்ரனுக்குப் பேச்சு வராது.
"பதினேழாம் பக்கம்" என்றார் என்னிடம்.

பதினேழாம் பக்கத்தில் ஹில்லே இருந்தாள்.
கணவன் மீனுக்குப் போய்த் திரும்பாதவள்.
இரண்டு கோல் கரை, இரண்டு கை.
முடியாமல் போன குளிர்காலத்தில்
தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி நிறுத்திவிட்டு
வீட்டை, வயலை, சினைப்பசுவை விட்டு
நடந்து போனாள்.
இங்கே அதுதான் முறை.
மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு
நிலமும் கரையும் சேர்ந்தே சொந்தம்.
போகுமுன் ஒரு கருணை மனு போட்டிருந்தாள்.
அடியில் அரண்மனையின் பதில்,
சாய்ந்த எழுத்து, வால் நீண்ட மை:
'கடலுக்கு விதவை என்று தெரியாது.
முறை முறைதான். மைனார்ட்.'

வாசித்து முடித்து உட்கார மறந்துபோனேன்.
ஈரக் கம்பளியின் நாற்றம் கூடமெங்கும்.
"கையெழுத்து உங்களுடையதா?"
அதுவும் வழக்கமாகக் கேட்பதுதான்.
நெடுநேரம் கழித்துத் தலையசைத்தார்.
மகுடம் கழற்றிய அந்தத் தலையில்
தூங்கியெழுந்த முடி
ஒரு பக்கமாக நின்றிருந்தது.

வெளியே கழுத்தைக் கேட்டுக் கத்தினார்கள்.
எங்கள் மன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.
மண்வெட்டி வரைதான் எங்கள் கை நீளும்.

மறுநாள் காலை, கரைமேல்,
அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை.
முதல் குத்தில் சாய்ந்தது.
இரண்டாவதிலும்.
யாரும் உதவப் போகவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை.
மூன்றாவதில் நின்றது.
கையுறையைத் தட்டிவிட்டுக்கொண்டு
தெற்கே போகும் பாதையில் இறங்கினார்.
பாதை எங்கே பிரிகிறதென்று
ஒரு பையனிடம் கேட்க வேண்டியிருந்தது.

இன்று நாலாம் நாள்.
மண்வெட்டி நிற்கிறது, பிடியில் ஒரு கடற்காகம்.
பிடுங்குகிறவனுக்கு அரண்மனை,
முந்நூறு ஜன்னல், அன்னக்குளம்,
கூடவே உடைந்த பன்னிரண்டு கோல்.
எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போடுகிறோம்.

புதிதாக ஒரு சம்மன் எழுத வேண்டும்,
யாரோ பன்றியைக் கரையில் மேயவிட்டிருக்கிறான்.
'பெயரால்' என்று எழுதி
அதற்கு முன்னால்
இடம் விட்டு வைத்திருக்கிறேன்.
பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள்.