ஏற்றத்தில் இறங்குதல்

காலை ஆறு. கமலாபுரம்.
நான்கு விமானங்கள், நான்கும் வீட்டில் செய்தவை.

சௌண்டப்பனுடையது
கொண்டலாம்பட்டியில் தறிக்கூடத்துக்குப் பின்னால் வளர்ந்தது.
வெளியே எடுக்கச் சுவரை இடித்தான்.
இன்றும் அந்த ஓட்டைக்குத் தார்ப்பாய்தான் கதவு.
நூருல்லாவுடையது மரம், துணி, பசை.
பெர்னதெத்துக்கு இது இரண்டாவது;
முதலாவதைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை.

என்னுடையது அலுமினியம். பதினோராயிரம் ரிவெட்.
பகலில் பல்லைக் குடைந்த கை
இரவில் தகட்டைக் குடைந்தது.
சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான்.
தகடு மட்டும் பயந்து என் கையைப் பிடிக்காது.

கிளம்புமுன் பெர்னதெத்
எங்களையும் பைகளையும் அரிசிக்கடைத் தராசில் நிறுத்தாள்.
நூருல்லா ஐம்பத்திரண்டு கிலோ.
அதனால் சாப்பாடு அவனோடு:
நாற்பது தட்டுவடை செட், இரண்டு தூக்கு சட்னி.

இரண்டு நிமிட இடைவெளியில் எழும்பினோம்.
மேக்னசைட் குழிகள் வெள்ளை வெளேரென்று கீழே.
இருபது கொண்டை ஊசி வளைவுகள்;
பேருந்து முக்கி முனகி ஏறும் மலை.
எங்களுக்கு ஒன்பது நிமிடம்தான்,
ஆனால் ஒவ்வொன்றையும் எண்ணித் தீர்க்க வேண்டும்.

மலையின் வடக்கே
பாக்சைட் தோண்டிவிட்டுப் போன ஒரு மேடை.
நானூற்று முப்பது மீட்டர் செம்மண்.
ஒரு முனையில் மண்சுவர்,
மறுமுனையில் ஒன்றுமே இல்லை.
மூங்கில் கம்பில் ஒரு தலையணை உறை
காற்றின் திசையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏற்றத்தில் இறங்கு, இறக்கத்தில் ஏறு"
என்று சௌண்டப்பன் வரைபட ஓரத்தில் கிறுக்கியிருந்தான்.
கடைசி சில்வர் ஓக் மரம்வரைதான் மனம் மாறலாம்.
அதைத் தாண்டினால் இறங்கியே ஆக வேண்டும்.

பெர்னதெத் இறங்கினாள், பூனை மதிலிலிருந்து இறங்குவதுபோல.
சௌண்டப்பன் இறங்கினான், இரண்டு குதி குதித்து.
நான் மரத்தைத் தாண்டும்போது
வேகம் கூடுதல் என்று முள் சொன்னது.
படித்தேன். தாண்டினேன்.

புழுதி அடங்கியபோது
மூக்குக்கும் மண்சுவருக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம்.
பெர்னதெத் வந்து அந்த இடத்தைக் காலால் அளந்தாள்.
நான்கு எட்டு.
யாரிடமும் சொல்லவில்லை,
என்னிடமும்.

நூருல்லா மரத்தை நெருங்கும்போதுதான்
காட்டெருமை ஓடுதளத்துக்கு வந்தது.
அவசரமில்லை அதற்கு.
வெள்ளைக் காலுறை மாட்டிய நான்கு கால்,
நட்டநடுவில்.

எஞ்சின் உறுமியது. துணி இறக்கை இடப்பக்கம் சாய்ந்தது.
பள்ளத்தாக்கு அவனை வாங்கிக்கொண்டது.
வானொலியில் அவன் குரல்:
"மாட்டை யாருங்க ஏவி விட்டது?"

மூன்று சுற்று சுற்றினான்.
ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் சாப்பாடு தலைக்கு மேலே போனது.
சௌண்டப்பன் தகரத்தைத் தட்டக் கிளம்பினான்.
"சும்மா இருங்க, அதுக்கு இது தெரு"
என்றாள் ஏற்காட்டுக்காரி பெர்னதெத்.

பெட்ரோல் கணக்குப் பார்த்து அவன் திரும்பிவிட்டான்.

ஐம்பது நிமிடம். காட்டெருமை
என் இறக்கை முனையை மோந்து பார்த்து,
ரிவெட் வரிசையில் ஒரு நக்கு நக்கி,
காப்பிச் செடிகளுக்குள் போனது.
மேகம் வருவதற்குள் நாங்களும் கிளம்பினோம்,
இறக்கத்தில், ஒவ்வொருவராக.
தரை முடிந்தது.
வயிறு மட்டும் கொஞ்சம் பின்னாலேயே நின்று
பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

கமலாபுரத்தில், கொட்டகை நிழலில்,
நூருல்லா செய்தித்தாள் விரித்துக் காத்திருந்தான்.
சட்னி ஊறித் தட்டை நமத்துப் போயிருந்தது.
"மன்னிச்சிருங்க, எனக்கு மட்டும் இறங்க முடியல" என்றான்.
சௌண்டப்பன் தோளில் தட்டினான்,
தோற்றவனைத் தட்டுவதுபோல.

"நீங்க எப்படி இறங்கினீங்க, டாக்டர்?"

பெர்னதெத் குனிந்து
செருப்பில் ஒட்டிய செம்மண்ணைத்
தட்ட ஆரம்பித்தாள்.

"நாலு எட்டு" என்றேன்.

அவன் தட்டில் நான்கு வைத்தான்.
போதுமா என்று கேட்டான்.