கிழக்கே கடல்

ஸாய்ஸ் நகரத்துக் கோயிலில்
ஒருவர் இருந்தாராம்.
பூசாரி என்கிறார்கள். எனக்கென்னவோ
ரெக்கார்டு ரூம் ஆளென்றே படுகிறது.
கப்பலில் வந்த கிரேக்கனிடம்
நீங்களெல்லாம் குழந்தைகளய்யா,
வெள்ளம் வந்தால் உங்கள் எழுத்தும் சேர்ந்து போகிறது,
எங்களிடம் ஃபைல் இருக்கிறது
என்று சொன்னாராம்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருடமாக அதே குரலில்தான்
ராயபுரத்தில், பத்திரப்பதிவு ஆபீசில்
டோக்கன் நம்பர் கூப்பிடுகிறேன்.

முழுகிய ஊரைப்
பார்க்காதவர் சொல்லி,
பார்க்காதவர் கேட்டு,
ஊர் திரும்பி வீட்டில் சொல்லி,
இப்படித்தான் கரையேறியது அட்லாண்டிஸ்.
அது கிரீட் தீவுதான் என்பார் சிலர்.
எகிப்தியக் கல்லறைச் சுவரில்
கெஃப்தியு என்ற பேருக்குக் கீழே
சுருள்முடியும் பூப்போட்ட இடைத்துணியுமாய்
ஜாடி சுமந்து வருகிறார்கள் ஆட்கள்.
கொஞ்ச காலம் கழித்து
அவர்களை யாரும் வரையவில்லை.
ஏனென்றும் எழுதவில்லை.
வராதவர்களுக்கு என்ட்ரி போடும் வழக்கம்
எந்த ஆபீசிலும் கிடையாது.

ஒன்பதாயிரம் வருடம் என்ற கணக்கு
தொள்ளாயிரமாக இருக்கலாமாம்.
அங்கே நூறுக்குச் சுருட்டிய கயிறு,
ஆயிரத்துக்குத் தாமரை.
படித்துச் சொன்னவர் கண்ணுக்குக்
கயிறு பூத்துவிட்டது.
நான் சிரிக்கவில்லை.
பழைய கிரயப் பத்திரத்தில்
௱ என்றிருந்ததை ௲ என்று படித்து
முந்நூறு குழியை மூவாயிரமாக்கி
மெமோ வாங்கியவள் நான்.

அதெல்லாம் வெறும் யூகம், ஆதாரமில்லை என்றும்
ஒருவர் எழுதியிருந்தார்.
அதையும் படித்தேன். டோக்கன் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை. யாரும் மனை பதியாத நாள்.
தேசம்மா மட்டும் வந்தாள்,
பால் கவரைக் கழுவிக் காயவைத்து
அதற்குள் பத்திரம்.
வாரியத்து வீட்டுக்கு மனு போட்டிருக்கிறாள்.
மனை இருந்ததுக்கு அத்தாட்சி கேக்குறாங்க, என்றாள்.
சங்குமுனைக் குப்பம், மூன்றாவது வரிசை.
நான்கெல்லை வாசித்தேன்:
வடக்கே அந்தோணியம்மாள் மனை,
தெற்கே வலை காயப்போடும் பொது இடம்,
மேற்கே தெரு,
கிழக்கே கடல்.
இதற்கு மத்தியில் உள்ள அறுநூறு சதுர அடி.
இப்போது எழுதினால்
நான்கு பக்கமும் ஒரே சொல்லை எழுதவேண்டும்.
மத்தியிலும்.

பிரிண்டர் மக்கர் செய்த நேரத்தில்
அட்லாண்டிஸ் கதையைச் சொன்னேன்.
ஒரு பகல், ஒரு ராத்திரி, ஒரே வீச்சில்
முழு நாடும் உள்ளே போனதென்று.
தேசம்மா காதைக் குடைந்தபடி கேட்டாள்.
"ஒரே ராத்திரியிலயா? வுடு, அது கத.
எங்களுக்குப் பதினோரு வருசம் ஆச்சு.
மொதல்ல கக்கூசு. அப்பால வேப்பமரம்.
அந்தோணியம்மா வூட்டு செவுரு வுழுந்தப்போ
நாங்க உள்ள சோறு துன்னுகினு இருந்தோம்.
தெக்கால தூண்டில் வளைவுன்னு கல்லு கொட்டுனாங்க,
அங்க மணலு நின்னுச்சு,
இங்க இருந்தத அள்ளிகினு போச்சு.
மேஸ்திரி கணக்கு மாதிரி
ஒரு பக்கம் பூசுனா ஒரு பக்கம் பேத்துகிச்சு."

வெளியே எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போகிற
கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன.
அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்:
"அந்த கிரேக்கு ஆளு
கோயில்ல நகலு வாங்குனானா?"

வாங்கவில்லை என்றேன்.
வாய்க் கேள்விதான்.

"அப்ப எவன் நம்புவான்?"

பிரிண்டர் உயிர்பெற்றது.
மேற்படி சொத்தின்மீது
வில்லங்கம் ஏதுமில்லை.
இன்னொரு தரம் படி என்றாள். படித்தேன்.
முப்பது வருடத்துக்குத் தேடியாயிற்று,
அடமானமில்லை, வழக்கில்லை,
கைமாறியதாகப் பதிவேயில்லை.
மீன்கள் எதுவும் பதியவில்லை என்பதை
நான் சொல்லவில்லை.

மை பெட்டியைத் திறந்தேன்.
"நல்லா அமுக்கிக் குத்து சீலை.
போன தபா மங்கலா இருக்குதுன்னு
திருப்பி அனுப்பிட்டாங்க."