பதினோராவது படி

குத்தாய்சியில், ரியோனி ஆற்றின் இரைச்சல் கேட்கும் தெருவில்,
தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அலுவலகத்துக்கு
மாடிப்படிகள் இருபத்துமூன்று.
பதினோராவது மட்டும் ஆடும்.

கட்டடம் கட்டுபவனிடம் தலைக்கவசம் எங்கே என்போம்.
மாவு பிசையும் இயந்திரத்துக்கு மூடி இல்லையென்று
ரொட்டிக்கடைக்காரனுக்கு அபராதம் எழுதுவோம்.
கையெழுத்துப் போட மேலே வரச் சொல்வோம்.
வருகிறவர்கள் பதினோராவதில் தடுமாறிச்
சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார்கள்.
நாங்கள் கோப்பைப் பார்ப்போம்.

எங்களுக்குத் தடுமாற்றம் இல்லை.
பத்திலிருந்து பன்னிரண்டுக்கு ஒரே எட்டு.
பத்ரி இரண்டு கையிலும் காப்பியோடு தாண்டுவான்.
லமாரா எட்டு மாத வயிற்றோடு தாண்டினாள்.
என் வீட்டில் மொத்தமே ஒன்பது படிகள்;
அங்கேயும் கால் எதையோ தாண்டப் பார்க்கும்.

கீழே வாசலில் ஒரு பலகை:
விபத்தில்லா நாட்கள்.
மூன்று ஆணிகளில் தொங்கும் தகர எண்களைத்
தினமும் காலையில் மாற்றுவது நான்.
என் பணிப் பட்டியலில் அது கடைசிக்கு முந்தைய வரி.
கடைசி வரி, ‘இதர’.

சியாலா ஆறு மணிக்கு வருவாள்.
வாளி நிறைந்தால் வலது தோள் இறங்கும்.
இலையுதிர் காலத்தில் அக்ரூட் தோலுரித்து
விரலெல்லாம் கறுத்திருக்கும்.
மேசைக்கு நாலு பருப்பு வைத்துவிட்டுப் போவாள்,
யார் மேசை என்று பார்க்கமாட்டாள்.
அவளுக்கும் தாண்டத் தெரியும்.
ஆனால் படியைத் துடைக்கிறவள்
எந்தப் படியையும் தாண்ட முடியாது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
வாளி முதலில் வந்ததாம், பிறகு அவள்.
நான் வந்தபோது
தண்ணீர் பலகைக்குக் கீழே குளமாய் நின்றது.
இடுப்பெலும்பு. மணிக்கட்டு.
ஆம்புலன்சில் ஏற்றும்போது சொன்னாள்:
“துடைப்பம் மேலேயே கிடக்கு.”

பதிவேட்டைத் திறந்தேன்.
ஒதாரி வந்து மூடினார். மெதுவாகத்தான்.
கெட்டவர் இல்லை.
“ஒப்பந்த நிறுவனத்து ஆள் அவள்.
இங்கே விழுந்தாள், சரி.
நம் கணக்கில் விழவில்லை.”
விதி அப்படித்தான் சொல்கிறது.
அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்ததே நான்தான்.
அன்று நானூற்றுப் பன்னிரண்டு மாட்டினேன்.
தகரம் சில்லென்றிருந்தது.

வெள்ளிக்கிழமை தச்சன் வந்தான்.
ஆறு வருடம் கடிதம் எழுதிக் கேட்ட வேலை
நாற்பது நிமிடத்தில் முடிந்தது.
ஒரு பலகை, நாலு திருகு, பைன் வாசனை.

இப்போது அது ஆடுவதில்லை.
இருந்தும் தாண்டுகிறோம்.
புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் மிதித்து ஏறுகிறான்.
அந்த ஒரு நொடி
லமாரா பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

ஏப்ரலில் சியாலாவைப் பார்க்கப் போனேன்.
ஏழாவது மாடி. காசு போட்டால்தான் லிஃப்ட் நகரும்.
கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்:
“படியைச் செஞ்சாச்சா?”
ஆச்சு என்றேன்.
“என்ன மரம்?”
பைன்.
“ஈரம் தாங்காது.
நல்லாப் பிழிஞ்சு துடைக்கணும்னு
இப்ப வர்றவகிட்ட சொல்லு.”
இப்போது வருகிறவள் பெயர்
எனக்குத் தெரியாது.

மறுநாள் சீக்கிரம் போய்
நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன்.
ஐந்தை மாட்டினேன். எட்டை மாட்டினேன்.
முதல் ஆணியை வெறுமே விட்டேன்.

ஒதாரி வந்தார். நின்றார்.
தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.
பிறகு படியேறும் சத்தம்.
கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஒன்பது, பத்து,

பன்னிரண்டு.