சூட்டில் பதினொன்று

எட்டு மாதமாக அந்த ஊசிக்கு
ஒரு நிலை கிடையாது.
காலையில் கிளப்பியதும்
வலது ஓரம் ஏறி மிடுக்காக நிற்கும்.
விரிகுடா தெரியும் வளைவில்
திடீரென்று சாயும்.
ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பேன்,
மூச்சையும் நிறுத்திக்கொள்வேன்.
ஒன்றுமே நடக்காததுபோல்
எழுந்து நிற்கும்.

எழுபத்தாறாம் வருஷத்து ஃபோர்டு.
பின்னால் பதினான்கு கம்பளி மூட்டை.
போர்வெனீரில் ஆளுக்கொரு வைத்தியம்:
ஆயில் குறைச்சல் என்றாள் ரொட்டிக்கடை மிர்தா.
குச்சியை மூன்று முறை துடைத்துப் பார்த்தேன்,
மட்டம் சரி.
முகர்ந்தும் பார்த்தேன்,
பெட்ரோல் வாடை இல்லை.
ஃபில்டர் என்றான் பங்குப் பையன்.
மாற்றினேன்.
ஊசி மாறவில்லை.

தங்கை புருஷன் டோன்கோ
பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.
"பேரிங் தேய்ந்தாச்சு எர்சிலியா, பம்ப்பும் போச்சு.
இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கறேன்."
இந்தத் தீவில் ஓநாய் கிடையாது.
ஆடு நனைகிறதே என்று அழ
டோன்கோ இருக்கிறான்.

பகல் சுருங்கிப்போன ஜூனில் ஒரு மாலை
விளக்கைப் போட்டேன். ஊசி படுத்தது.
அணைத்தேன். எழுந்தது.
போட்டேன். படுத்தது.
சாலையோரம் நிறுத்திவைத்து
இதையே செய்துகொண்டிருந்தேன்.
எதிரே வந்த லாரிக்காரன்
தனக்குத்தான் சைகை என்று நினைத்து
பதிலுக்கு மினுக்கிவிட்டுப் போனான்.

வெளியே இருட்டிவிட்டது என்று
எண்ணெய்க்கு எப்படித் தெரியும்?

நண்டுப் படகு நெல்சன் ஓயார்சோவிடம் போனேன்.
தன் இன்ஜினிலிருந்தே கழற்றிக் கொடுத்தான்:
பித்தளை வளையம், கண்ணாடியில் உப்புத் தழும்பு.
கரண்ட் வேண்டாத ரகம்.
எண்ணெயே குழாய் வழியே ஏறிவந்து
தன் வாயால் சொல்லும்.
"வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகணும்.
அதுக்குள்ள வேணும்" என்றான்.

செம்புக் குழாயை பானெட் இடுக்கில் இழுத்து
அந்த வட்டத்தைக் கண்ணாடிக்கு வெளியே
வைப்பரோடு கட்டினேன்.
உள்ளே ஒரு சாட்சி, வெளியே ஒரு சாட்சி,
நடுவில் காற்று மண்ணை வாரி இறைத்தது.
விளக்கைப் போட்டேன்.
உள்ளே ஊசி படுத்தது.
வெளியே நாற்பது.
அசையவில்லை.

பாட்டரிக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில்
இன்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் பட்டை
பச்சை பூத்து
மூன்றே இழையில் தொங்கியது.
சுரண்டினேன், புதிது போட்டேன்,
முட்டி பெயர முறுக்கினேன்.
பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டு
டோன்கோ வீட்டு வாசலில்
இரண்டு முறை போய்வந்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம்.
ஆனால் குழாயை இன்னும் கழற்றவில்லை.
நாற்பது கிலோமீட்டர் ஓட்டி
இன்ஜின் நன்றாகக் கொதித்த பிறகு
ஐடிலில் விட்டேன்.
உள்ளே ஊசி இறங்க ஆரம்பித்தது.
நடுக்கமில்லை, அவசரமில்லை,
மாடி இறங்கி வருகிறவர் மாதிரி.
வெளியே முப்பது.
இருபது.
பதினொன்று.
நின்றது.
முதல்முறையாக
இரண்டும் ஒரே பேச்சு.

அப்படியானால் டோன்கோ
முழுப்பொய் சொல்லவில்லை.
கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில்
கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன்.
எட்டு மாதம் பூஜ்யத்துக்குப் பயந்திருக்கிறேன்.
இருப்பது பதினொன்று.
பதினொன்றுக்குத் தகுந்த மாதிரி
கெட்டி ஆயில் ஊற்றலாம்.
பதினான்கு மூட்டைக்குப் பதில் பத்து ஏற்றலாம்.
வளைவில் பிரேக்கை நம்பலாம்.
விற்கத் தேவையில்லை.

வியாழன் சாயங்காலம் படகுத்துறை.
நெல்சன் அந்த வட்டத்தை வாங்கி
சட்டைக் கையில் துடைத்தான்.
"எவ்வளவு?"
"சூட்டில் பதினொன்று."
நாளைக்குக் கிளம்பவேண்டிய படகை
ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
"என்னோடது ஒன்பது" என்றான்.